கல்லு மாறாம

தேனியிலிருந்து கூடலூர் வரைக்கும் என்னை 'ஜாலி சார்' என்றால்தான் தெரியும். நான் சிரித்துப் பார்த்தவர்கள் குறைவு. அந்தக் காலத்து வீடுகளின் முகப்பில் பூவும் வட்டமும் நட்சத்திரமுமாகச் சிமெண்டில் வார்த்து அடுக்கிய துளைச்சுவர் இருக்கிறதே, நம் தொழிலில் அதற்குப் பெயர் ஜாலி. முப்பத்தைந்து வருடம் அதைப் பழுது பார்த்தே பிழைத்தேன். கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. "சாருக்கு வேலையும் ஜாலி, வீட்டுலயும் ஜாலி" என்று கொத்தனார்கள் கேலி செய்வார்கள். சாயங்காலம் ஆனால் அவர்கள் கையைக் காலைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். நான் மெஸ்ஸுக்குப் போய் டோக்கன் வாங்கிக்கொண்டு, காலியாக இருக்கிற பெஞ்சில் உட்காருவேன்.

இப்போது வேலையும் இல்லை. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிற நீங்கள் அனுப்புகிற போட்டோக்கள்தான் செல்போனில் வருகின்றன. "சார், இந்த ஜாலியை எடுத்துட்டு கிளாஸ் போட்டுரலாமா?" "சார், இந்த சன்ஷேடு இன்னும் எத்தனை மழை தாங்கும்?" பெரிதாக்கிப் பார்த்து, தெரிந்ததைச் சொல்கிறேன். பதில் அனுப்பிவிட்டு அடுத்த போட்டோ வருகிற வரைக்கும் செல்போனையே பார்த்துக்கொண்டிருக்கிற நாட்களும் உண்டு. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஆனால் ஒன்று கவனித்தேன். நீங்கள் அனுப்புகிற போட்டோ எல்லாமே தெருவில் நின்று எடுத்தது. ஒருவர்கூட மாடிக்குப் போய், அந்த வீட்டுக்காரர் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்து, உள்ளே இருந்து ஒரு படம் எடுத்ததில்லை. உங்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. நானும் தெருவில் நின்றே காலத்தை ஓட்டியவன்தான். அதற்கு உத்தமபாளையத்தில் ஒரு பெரியவர் விலை கொடுத்தார்.

அதற்கு முன்னால் வடுகபட்டியில் நடந்த ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது. அங்கே ஒரு வீட்டு முகப்பில், வாசலுக்கு நேர் மேலே, கூடை அளவுக்கு ஒரு சிமெண்ட் தாமரை. சுத்தியலால் தட்டிப் பார்த்தேன். ஒரு பக்கம் கணீரென்றது, ஒரு பக்கம் பொத்தென்றது. பொத்தென்ற பக்கம் சின்னதுதானே என்று பூசிவிட்டு வந்துவிட்டேன். அடுத்த மழையில் தாமரை மொத்தமும் வாசலில் விழுந்தது. அந்த வீட்டு அம்மா அங்கே உட்கார்ந்துதான் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். தண்ணீர் குடிக்க எழுந்து போனதால் உயிர் பிழைத்தார். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்கள். அன்றிலிருந்து எனக்கு எதிலும் சிமெண்டைக் கூடுதலாகப் போடுகிற வியாதி பிடித்துவிட்டது. பாதுகாப்பாக வேலை செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன், உண்மையில் பயந்து வேலை செய்துகொண்டிருந்தேன்.

உத்தமபாளையத்து வீட்டுக்கு வருகிறேன். ஒரு ராவுத்தர் வீடு. மாடி வராந்தா முழுக்க ஜாலிச் சுவர். வட்டத்துக்குள் நான்கு இதழ் பூ, ஒரு அடிக்கு ஒரு அடி கல், வரிசைக்குப் பன்னிரண்டாக ஐந்து வரிசை. ராவுத்தருக்கு அப்போதே எண்பதைத் தாண்டியிருந்தது. மனைவி மவுத்தாகி ஏழு வருடம். பிள்ளைகள் எல்லாம் துபாயிலும் சென்னையிலும். சமையலுக்கு ஒரு அம்மா வந்து ஆக்கி மூடி வைத்துவிட்டுப் போவார். மற்றபடி அத்தனை பெரிய வீட்டில் அவர் ஒருவர்தான்.

ஜாலியிலிருந்து ஒரு சில்லு பெயர்ந்து கீழே நின்ற ஸ்கூட்டரில் விழுந்திருந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போகிற தெரு. மகன் துபாயிலிருந்து எனக்குப் போன் செய்து, மொத்தத்தையும் எடுத்துவிட்டு அலுமினியமும் கண்ணாடியும் போட்டுவிடுங்கள் என்றார். நான் போய்த் தட்டிப் பார்த்தேன். கற்கள் கணீரென்றுதான் இருந்தன. இணைப்புகளுக்குள் ஓடுகிற கம்பிதான் துருப்பிடித்து உப்பி, ஓரங்களை உடைத்துக்கொண்டிருந்தது. கற்களைக் கழற்றி, கம்பியை மாற்றி, அதே கற்களைத் திரும்ப அடுக்கிவிடலாம் என்று மகனிடம் அரைமணி நேரம் வாதாடிச் சம்மதிக்க வைத்தேன். ராவுத்தர் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். நான் கிளம்பும்போது ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"கல்லு மாறாம வச்சிருங்க தம்பி. அது போதும்."

"ஒரு கல்லுகூட மாறாதுங்கய்யா" என்றேன்.

உடைந்ததை எறிந்துவிட்டுப் புதுக் கல்லைச் செருகிவிடக் கூடாது என்கிறார், இவ்வளவுதான் எனக்குப் புரிந்தது. மாறாமல் என்றால் வேறென்ன அர்த்தம் என்று ஒரு நிமிடம் நின்று கேட்டிருக்கலாம். பள்ளிவாசலில் தொழுதுவிட்டு வருகிறவர் செருப்பு மாறிப்போச்சு என்று சொன்னால், புதுச் செருப்பு வாங்கினேன் என்றா அர்த்தம்?

தெருவில் நின்று படம் வரைந்தேன். இடது ஓரத்திலிருந்து ஒன்று, இரண்டு என்று எண் போட்டு, கல்லின் முகம் கெடாமல் இருக்க மேல் விளிம்பில் அதே எண்ணைப் பெயிண்டால் எழுத வைத்தேன். பழைய கலவை சுண்ணாம்பு கலந்தது, இளக்கமாக இருந்தது. கத்தியால் சுரண்டச் சுரண்டக் கற்கள் பல் விழுகிற மாதிரி கைக்கு வந்தன. அறுபது கல்லில் ஒன்றுகூட உடையவில்லை. எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

திரும்ப அடுக்கப்போகிற நேரத்தில் ஊரில் தேரோட்டம் வந்தது. தேர் வருகிற பாதையில் சாரம் நிற்கக் கூடாது, இன்று சாயங்காலத்துக்குள் பிரித்துவிட வேண்டும் என்று ஆள் வந்து சொல்லிவிட்டார்கள். மேலே சுவர் இல்லாமல் வராந்தா திறந்து கிடக்கிறது. அங்கே எண்பது வயது மனிதர் தனியாக நடமாடுகிறார். சாரத்துக்காகக் காத்திருக்க எனக்குத் தைரியம் வரவில்லை. உள்ளே இருந்தே அடுக்கிவிடலாம் என்று முடிவு செய்தேன். அந்த முடிவு சரிதான், இன்றைக்கும் அதையே செய்வேன். என் பேப்பரைக் கொத்தனார் கையில் கொடுத்துவிட்டு, போடியில் வேறு வேலை இருந்ததால் பஸ் ஏறிவிட்டேன். கலவை மட்டும் கெட்டியாக, ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு மணல் போடச் சொன்னேன். வடுகபட்டித் தாமரை கண்ணுக்குள்ளேயே இருந்தது.

ஐந்தாறு மாதம் கழித்து வேறு ஜோலியாக உத்தமபாளையம் போனவன், என் வேலையை நானே பார்த்து ரசிக்கலாமென்று அந்தத் தெருவுக்குப் போனேன். நம் தொழிலில் மற்றவர்கள் ரசிக்க மாட்டார்கள், நாமே போய்த்தான் ரசித்துக்கொள்ள வேண்டும். ஜாலி நூல் பிடித்த மாதிரி நின்றது. அதில் ஒரு கடைசியில், ஒரு துளையில், இரண்டு விரல் வெளியே தெரிந்தன.

மேலே போனேன். ராவுத்தர் நாற்காலியை வராந்தாவின் ஒரு கோடியில், கல்யாண மண்டபப் பக்கம் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் முன்பு பார்த்தபோதெல்லாம் எதிர்க்கோடியில், கடைப் பக்கம் உட்கார்ந்திருப்பார். அங்கிருந்து பார்த்தால் தெரு தெரியும், எதிரே அவர் நாற்பது வருடம் நடத்திய மொத்தப் பலசரக்குக் கடை தெரியும். இப்போது அது வாடகைக்கு விட்ட செல்போன் கடை. இந்தப் பக்கம் பார்க்க எதுவும் கிடையாது. எதிரே கல்யாண மண்டபத்தின் பின்சுவர், ஜன்னல்கூட இல்லாத சுவர். அதைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு துளைக்குள் விரல் விட்டிருந்தார்.

"ஏங்கய்யா, வெயிலுக்கா இங்கன வந்து உக்காந்துட்டீக?" என்று கேட்டேன்.

அவர் என் கையைப் பிடித்து அந்தத் துளைக்குள் வைத்தார். நம் ஜாலிக் கல்லின் சொரசொரப்பு உங்களுக்குத் தெரியும், விரலைத் தோலுரித்துவிடும். அந்தத் துளையின் கீழ் விளிம்பு மட்டும் அம்மிக்கல் மாதிரி வழவழவென்று இருந்தது. அது அவர் மனைவியின் கை பட்டுத் தேய்ந்த இடம்.

பிறகு மெதுவாகச் சொன்னார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த அம்மா கடைக்கு நேரே இருந்த அந்தக் கல்லுக்குப் பின்னால்தான் உட்காருவாராம். அந்தக் காலத்தில் வீட்டுப் பெண்கள் வாசலில் வந்து நின்று கூப்பிட முடியாது, ஆள் அனுப்பினால் பத்துப் பேருக்குத் தெரியும். அதனால் துளையில் விரல் காட்டுவார். இவர் கல்லாவில் இருந்தபடி நிமிர்ந்து பார்ப்பார். "ஒரு விரலுன்னா ஆள் வந்திருக்காக, இப்ப வந்துறாதீகன்னு அர்த்தம். ரெண்டு விரலுன்னா சோறு ஆயிருச்சு, வாங்க." கடையில் எத்தனையோ பேர் நின்றிருக்கிறார்கள், ஒருவருக்கும் தெரியாதாம். அந்த அம்மா போனபின், இவர் உள்ளே அதே இடத்தில் உட்கார்ந்து அதே துளையில் விரலை விட்டுக்கொண்டு, தன் கல்லா இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்த இடத்திலிருந்துதான் நான் கல்லைப் பெயர்த்து, வராந்தாவின் மறுகோடிக்குக் கொண்டுபோய் வைத்திருக்கிறேன்.

மாடிப்படியில் இறங்கி நின்று கொத்தனாருக்குப் போன் போட்டுக் கத்தினேன். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, "சார், உங்க பேப்பர்ல இடதுலேருந்து ஒண்ணுன்னு போட்டிருந்துச்சு. நான் இடதுலேருந்துதான வச்சேன்" என்றார். தெருவில் நிற்பவனுக்கு இடது, உள்ளே நிற்பவனுக்கு வலது. மொத்தச் சுவரும் கண்ணாடியில் பார்த்த மாதிரித் திரும்பி நின்றது. இரண்டு பக்கமும் ஒரே பூ, ஊரில் ஒரு கண்ணுக்கும் தெரியாது. வெளியே நின்று எண்ணியது என்று அந்தப் பேப்பரில் நான் எழுதியிருக்கவில்லை. கொத்தனாரிடம் மன்னிப்புக் கேட்டேன். நீங்களும் கத்துவதற்கு முன்னால் உங்கள் பேப்பரை ஒருமுறை பாருங்கள்.

திரும்ப மேலே போய், ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று ராவுத்தரைக் கேட்டேன். எல்லாரும் வேலை நல்லா இருக்கு என்று பாராட்டுகிறார்கள், சிமெண்டும் இறுகிவிட்டது, சொல்லி உங்களைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று இருந்துவிட்டேன் என்றார். பிறகு வராந்தாவின் அந்தக் கோடியைக் காட்டினார்.

"அங்கன உக்காந்தா கடை தெரியுது, அவ கை இல்ல. இங்கன உக்காந்தா அவ கை இருக்கு, கடை இல்ல. ரெண்டு நாளு மாத்தி மாத்தி உக்காந்து பாத்தேன் தம்பி. கையே இருக்கட்டும்னு இங்கன வந்துட்டேன்."

எனக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டேன் என்று சொன்னால் பொய்.

கல்லைத் திரும்ப மாற்றிவிட வேண்டியதுதானே என்று நீங்கள் நினைப்பீர்கள். மாற்ற முடியாமல் செய்தவனும் நான்தான். பழைய இணைப்பு கல்லைவிட இளக்கம், அதனால்தான் கல் பிழைத்தது. நான் போட்ட இணைப்பு கல்லைவிடக் கெட்டி. இனி உளி வைத்தால் கல்தான் உடையும், இணைப்பு உடையாது. கட்டிங் மெஷின் வைத்தால் அதிர்விலேயே கல் விரிசல் விட்டுவிடும். இரும்பு அறுக்கிற ஆக்ஸா பிளேடைக் கையால் போட்டு அறுக்கலாம், ஆனால் பாதிக்குப் பாதி உடைந்துபோக வாய்ப்பிருக்கிறது என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன். உடைந்தால் இடமும் போகும், கையும் போகும். வேண்டாமென்று அவர் சொல்லிவிட்டால் நல்லது என்றுகூட நினைத்தேன்.

யோசித்துச் சொல்வதாக அனுப்பிவிட்டார். இரண்டாம் நாள் காலையில் போன் வந்தது.

"நான் போனதுக்கப்பறம் பிள்ளைக இதை உடைக்கத்தான் போறாக. உடையிறதுதான்னா நான் இருக்கையிலயே உடையட்டும் தம்பி. நீங்க வாங்க."

அவர் சொன்னது பின்னால் நடக்கவும் செய்தது. அந்த வீட்டில் இப்போது கண்ணாடிதான் இருக்கிறது, யாரும் தேடிப் போகாதீர்கள். அந்தக் கல் எந்தக் குப்பையில் போனது என்று எனக்கும் தெரியாது.

கொத்தனாரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு நான் மட்டும் போனேன். முதலில் கடைப் பக்கத்தில், அந்த இடத்தை அடைத்துக்கொண்டிருந்த சாதாரணக் கல்லை எடுத்து ஒத்திகை பார்த்தேன். மூன்று பக்கம் அறுத்தபின் நான்காவது பக்கத்தில் அவசரப்பட்டு நெம்பினேன். படாரென்று நடுப்பூவிலேயே இரண்டாகிவிட்டது. சத்தம் கேட்டு ராவுத்தர் திரும்பிப் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அப்படியே பையைத் தூக்கிக்கொண்டு தேனிக்கு ஓடிவிடலாம் என்று தோன்றியது. அன்றைக்கு வேறு எதையும் தொடாமல் நிறுத்திவிட்டேன். கை அவசரப்படும்போது வேலையை நிறுத்துவது கோழைத்தனம் இல்லை, தம்பிகளா.

மறுநாளிலிருந்து அந்த அம்மாவின் கல். பிளேடின் ஒரு முனையில் துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு அறுத்தேன். ஒரு நாள் முழுக்க அறுத்தால் ஒன்றரைப் பக்கம் முடியும். கீழ் இணைப்பில் நானே போட்ட புதுக் கம்பி வேறு, அதை உரசாமல் மேலும் கீழும் அறுக்க வேண்டும். ராவுத்தர் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். அந்தத் துளையை அவர் தன் விரலால் பிடித்துக்கொண்டிருப்பார், நான் அறுப்பேன். கல்லில் அதிர்வு கூடினால் "மெதுவா" என்பார். அந்த மூன்று நாளில் அவர் பேசியதில் பாதி அந்த அம்மாவின் சமையல், பாதி கடைக் கதை. நானும் பேசினேன். என் மெஸ்ஸைப் பற்றி, டோக்கனைப் பற்றி, ஞாயிற்றுக்கிழமை மெஸ் லீவு என்றால் பன் வாங்கித் தின்றுவிட்டுப் படுத்துக்கொள்வதைப் பற்றி. அதையெல்லாம் யாரிடமும் சொன்னதில்லை. கேட்கவும் யாரும் இருந்ததில்லை.

மூன்றாம் நாள் மத்தியானத்துக்கு முன்னால் கல் லேசாக அசைந்தது. நெம்பவில்லை. இன்னும் ஒரு மணி நேரம் அறுத்தேன். தானாகக் கைக்கு வந்தது. ஒரு மூலையில் மயிரிழை விரிசல், வழவழப்பான விளிம்பு அப்படியே இருந்தது. வாங்கிக்கொள்கிறேன் என்று நான் சொல்லியும் கேட்காமல் ராவுத்தர் அதை மார்போடு அணைத்துக்கொண்டு வராந்தாவின் மறுகோடிக்கு நடந்தார். பத்தடிதான் இருக்கும். நான் அவருக்குப் பின்னாலேயே, விழுந்தால் பிடிக்கக் கையை நீட்டிக்கொண்டு நடந்தேன். இந்தத் தடவை சுண்ணாம்பு கலந்த இளக்கமான கலவைதான் போட்டேன். கம்பி தாங்கட்டும், கலவை கல்லைப் பிடித்திருந்தால் போதும். மண்டபப் பக்கம் காலியான இடத்துக்குப் புதுக் கல் ஒன்று வார்த்து வைத்தேன். ஒரு கல் மாறியது மாறியதுதான்.

அதையெல்லாம் முடித்துக் கலவை இறுகட்டுமென்று இரண்டு நாள் விட்டுப் போனேன். ராவுத்தர் மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு வந்து, கடைப் பக்கம் பழைய இடத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். விரலை விட்டுப் பார்த்தார். அவருக்கும் திருப்திதான், ஆனாலும் கீழே போய்க் கடையிலிருந்து தெரிகிறதா என்று பார்க்கச் சொன்னார்.

நான் இறங்கித் தெருவைக் கடந்து செல்போன் கடை வாசலில், அவர் கல்லா இருந்த இடத்துக்கு நேராக நின்றேன். பகலில் வெளியே நின்று பார்த்தால் ஜாலிக்குப் பின்னால் இருப்பது தெரியாது, துளை எல்லாம் இருட்டாகத்தான் இருக்கும். இதை நான் நூறு வீட்டுக்காரர்களுக்கு விளக்கியிருக்கிறேன். ஆனால் அந்த இருட்டில் ஒரு ஆள் எனக்காக உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்து நின்றது அன்றைக்குத்தான்.

மூன்றாவது வரிசையில் ஒரு விரல் வந்தது. ஆள் வந்திருக்காக. தெரிகிறது என்று சொல்ல நான் கையைத் தூக்கினேன். பார்த்தாயிற்று, வேலை முடிந்தது, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே அதன் பக்கத்தில் இன்னொரு விரலும் வந்தது.

விரல் தெரிகிறதா என்று சோதிக்கத்தான் நீட்டியிருக்கிறார், அதற்கு வேறு அர்த்தம் தேட வேண்டாம் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். இரண்டு விரலும் அப்படியே இருந்தன, உள்ளே போகவில்லை. முன்பு ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கேட்காமல் விட்டுத்தான் அவ்வளவு பெரிய தப்பைச் செய்தேன். இதற்கும் நான் அர்த்தம் கேட்கவில்லை. தெருவைக் கடந்து, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, சாப்பிடப் போனேன்.